கான்ஃபிக் போட வருகிறது, கோளாறு பிடிக்க வரவில்லை: எனார்சி தேர்வுக்கு இரண்டாம் முயற்சி

வாசகர் கேள்வி: சென்னையில் ஒரு நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் மூன்று வருஷமாக ஷிப்டு வேலை பார்க்கிறேன். சிஸ்கோவின் தொடக்க நிலை நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ முடித்தேன். போன வருஷம் 350-401 என்கோர் தேர்வில் தேறினேன். அடுத்த நிலைச் சான்றிதழான சிசிஎன்பி என்டர்பிரைஸ் கைக்கு வர இன்னும் ஒரு தேர்வுதான் பாக்கி என்று 300-410 எனார்சி எழுதினேன், தேறவில்லை. வீடியோ பாடங்களை இரண்டு முறை முழுக்கப் பார்த்திருந்தேன். கமாண்டுகள் எல்லாம் மனப்பாடம். மதிப்பெண் தாளில் லேயர் 3 (ரூட்டிங்) பகுதியில் 48%, விபிஎன் 70%, செக்யூரிட்டி 40%, சர்வீசஸ் 73%. தமிழ் வழியில் படித்தவன் என்பதால் நீளமான ஆங்கிலக் கேள்விகளில் நேரம் போய்விட்டது. என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான் இருக்கிறது. கூட வேலை செய்பவர்கள் டம்ப்ஸ் (கசிந்த தேர்வுக் கேள்வி-விடைத் தொகுப்பு) வாங்கிப் படி என்கிறார்கள். எங்கிருந்து மறுபடி தொடங்குவது? எத்தனை மாதம் ஆகும்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடிதத்தில் விடை பாதி இருக்கிறது. "கமாண்டுகள் எல்லாம் மனப்பாடம்" என்கிறீர்கள். எனார்சி தேர்வு உங்களிடம் கமாண்டு கேட்கவில்லை. ஏற்கெனவே ஒருவர் போட்டுவைத்த கமாண்டில் எது தப்பு என்று கேட்கிறது. சிஸ்கோ வெளியிட்டிருக்கும் பாடத்திட்டத்தை இன்னொரு முறை திறந்து, ஒவ்வொரு வரியின் தொடக்கத்தில் இருக்கும் வினைச்சொல்லை மட்டும் பாருங்கள். லேயர் 3 பகுதியில் பெரும்பாலான வரிகள் "ட்ரபிள்ஷூட்" (கோளாறு பிடி) என்றுதான் ஆரம்பிக்கும். விஆர்எஃப்-லைட்டும் (ஒரே ரூட்டரில் தனித்தனி ரூட்டிங் டேபிள்கள்) டிஎம்விபிஎன்னும் (கிளைகளை டன்னல்களால் இணைப்பது) "கான்ஃபிகர் அண்ட் வெரிஃபை" (அமைத்துச் சரிபார்). எம்பிஎல்எஸ் (லேபிள் ஒட்டிப் பாக்கெட் அனுப்புவது), பிஎஃப்டி (இணைப்பு அறுந்ததை வேகமாகக் கண்டறிவது), ஐபிவி6 ஃபர்ஸ்ட் ஹாப் செக்யூரிட்டி மூன்றும் "டிஸ்கிரைப்" (விளக்கு). இந்த மூன்று சொல்லுக்கும் மூன்று விதமாகப் படிக்க வேண்டும். எம்பிஎல்எஸ் லேப் கட்டுவதில் மூன்று வாரம் செலவழித்துவிட்டு, ரீடிஸ்ட்ரிபியூஷனை (ஒரு ரூட்டிங் நெறிமுறை கற்ற ரூட்டுகளை இன்னொன்றுக்குள் விடுவது) வீடியோவில் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அந்த மூன்று வாரத்துக்குத் தேர்வில் தகுந்த பலன் இல்லை.

அடுத்து உங்கள் மதிப்பெண். நான்கு பகுதிகளின் எடை முறையே 35, 20, 20, 25 சதவீதம். உங்கள் எண்களை அந்த எடையால் பெருக்கிக் கூட்டினால் தோராயமாக 57 வருகிறது. சிஸ்கோ இப்படித்தான் கணக்குப் போடுகிறது என்று சொல்லவில்லை. ஆனால் எங்கே உழைத்தால் அதிகம் கிடைக்கும் என்று பார்க்க இந்தக் கணக்கு போதும். லேயர் 3-ஐ 48-லிருந்து 75-க்குக் கொண்டுவந்தால் ஒன்பதரை புள்ளி கூடும். செக்யூரிட்டியை 40-லிருந்து 70-க்கு ஏற்றினால் ஆறு. சர்வீசஸை 73-லிருந்து 90-க்குத் தள்ள மாய்ந்து மாய்ந்து படித்தாலும் நாலேகால்தான். ஆகவே பத்து வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வாரம் முழுக்க லேயர் 3, இரண்டு வாரம் செக்யூரிட்டி, ஒரு வாரம் டிஎம்விபிஎன், ஒரு வாரம் சர்வீசஸ், கடைசி வாரம் எல்லாம் கலந்த கோளாறுகள். வாரத்துக்கு எட்டு மணி நேரம் லேப்பில் உட்கார முடிந்தால் பத்து வாரம் போதும். தோற்ற தேர்வை மறுபடி எழுத ஐந்து நாள் இடைவெளிதான் விதி. அந்த விதி அனுமதிக்கிறது என்பதற்காக உடனே எழுதிவிடாதீர்கள்.

லேப்டாப் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 8 ஜிபி போதாது. விண்டோஸ் தனக்கே 3, 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். கணினிக்குள்ளேயே லேப் கட்ட உதவும் சிஸ்கோ மாடலிங் லேப்ஸ் மென்பொருளோ தன் மெய்நிகர் கணினிக்கே 8 ஜிபி கேட்கும். லேப்டாப்பில் காலி ஸ்லாட் இருந்தால் இன்னொரு 8 ஜிபி போட்டு 16 ஆக்குங்கள். அதற்குப் பிறகு அதே மென்பொருளின் இலவசப் பதிப்பு ஓடும். அதில் ஒரே நேரத்தில் 5 கருவிகள் இயக்கலாம். ஐந்துதானா என்று தோன்றும். எனார்சிக்கு ஐந்து போதும். ரீடிஸ்ட்ரிபியூஷனுக்கு நான்கு ரூட்டர் ஒரு ஸ்விட்ச். டிஎம்விபிஎன்னுக்கு ஒரு ஹப் (மைய ரூட்டர்), இரண்டு ஸ்போக் (கிளை ரூட்டர்), நடுவில் இன்டர்நெட்டாக ஒரு ரூட்டர். பெரிய டோபாலஜி கட்டினால் பார்க்க அழகாக இருக்கும், கோளாறு கண்ணில் படாது. ரேம் வாங்க இப்போது தோதுப்படவில்லை என்றால், சிஸ்கோ டெவ்நெட் சாண்ட்பாக்ஸில் இதே மென்பொருளை இலவசமாக முன்பதிவு செய்து பயன்படுத்தலாம். முன்பதிவு நேரம் முடிந்ததும் எல்லாம் அழிந்துவிடும். கான்ஃபிக்கை (கருவியில் போட்ட கமாண்டுகளின் தொகுப்பு) உங்கள் கணினியில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி இரண்டும் நல்ல மென்பொருள்கள்தான். ஆனால் அவற்றில் போடுவதற்கான சிஸ்கோ இமேஜுக்கு (ரூட்டரின் மென்பொருள் கோப்பு) உரிமம் வேண்டும். யாரோ டெலிகிராமில் பகிர்ந்த இமேஜை நம்பி லேப் கட்டாதீர்கள்.

மென்பொருளை நிறுவும்போது இன்டெல் கணினியில் பலருக்கும் வரும் ஒரு தடை: மெய்நிகர் கணினியை ஓட்டும் விஎம்வேர் திறந்ததும் "விடி-எக்ஸ் இந்தக் கணினியில் ஆதரிக்கப்படவில்லை" என்ற பொருளில் ஒரு செய்தி வந்து நின்றுவிடும். பயாஸில் மெய்நிகராக்கத்தை இயக்கியிருந்தாலும் வரும். காரணம், விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க வசதியான ஹைப்பர்-வி அதை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் "மெமரி இன்டெக்ரிட்டி"யை அணைத்து, விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் ஹைப்பர்-வியையும் விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபாரத்தையும் எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அலுவலக லேப்டாப்பில் இதைச் செய்யாதீர்கள்.

இனி படிக்கும் முறை. ஒரு தலைப்புக்கு ஒரு லேப் கட்டுங்கள். அது ஒழுங்காக ஓடும் நிலையில் எல்லா ரூட்டரின் கான்ஃபிக்கையும் சேமியுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரே ஒரு கமாண்டை மாற்றிக் கெடுங்கள். உடனே சரிசெய்யாதீர்கள். கெட்ட நிலையில் என்னென்ன அறிகுறி தெரிகிறது என்று "ஷோ" கமாண்டுகளில் பார்த்து, நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள்: அறிகுறி, அதைக் காட்டிய கமாண்டு, காரணம். இப்படிக் கெடுத்த பத்துக் கோப்புகள் சேர்ந்ததும் நான்கு நாள் கழித்து எண்ணை மட்டும் பார்த்து ஒன்றைத் திறங்கள். எட்டு நிமிடத்துக்குள் பிடிக்க வேண்டும். இதில் ஒரு கட்டுப்பாடு: முதல் ஐந்து நிமிடம் "ஷோ ரன்" அடிக்கக் கூடாது. முழு கான்ஃபிக்கையும் கொட்டி வரிவரியாகத் தேடுவது உங்களுக்குப் பழகிவிட்டிருக்கும். தேர்வில் பல கேள்விகளில் கான்ஃபிக் முழுதாகக் கிடைக்காது. ஒரு நெய்பர் டேபிளும் நாலு வரி லாகும் மட்டும் கொடுத்துக் கேட்பார்கள். உங்கள் ஷிப்டில் இதே தேர்வுக்குப் படிப்பவர் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. அவர் கெடுக்கட்டும், நீங்கள் பிடியுங்கள், மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள்.

லேயர் 3-ல் உங்களுக்கு மார்க் போன இடம் பெரும்பாலும் ரீடிஸ்ட்ரிபியூஷனாகத்தான் இருக்கும். ஆகவே அதையே ஒரு லேப்பாக முழுக்கச் சொல்கிறேன். ஆர்1, ஆர்2, ஆர்3 என்ற மூன்று ரூட்டர்களையும் ஒரே ஸ்விட்சில் இணைத்து இஐஜிஆர்பி என்ற ரூட்டிங் நெறிமுறையை ஓட்டுங்கள். ஆர்2, ஆர்3 இரண்டும் மறுபக்கம் ஆர்4-உடன் ஓஎஸ்பிஎஃப் என்ற இன்னொரு நெறிமுறையில் பேசட்டும். ஆர்1-ல் 10.50.50.0/24 என்று ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதிய வழி) வைத்து அதை இஐஜிஆர்பிக்குள் ரீடிஸ்ட்ரிபியூட் செய்யுங்கள். அது வெளி ரூட்டாக, அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (ரூட்டை எவ்வளவு நம்பலாம் என்ற எண்; குறைந்தது வெல்லும்) 170-உடன், ஆர்2-க்கும் ஆர்3-க்கும் போகும். இப்போது ஆர்2, ஆர்3 இரண்டிலும் இரு திசையிலும் ரீடிஸ்ட்ரிபியூஷன் போடுங்கள்.

சற்றுப் பொறுத்து இரண்டிலும் "ஷோ ஐபி ரூட் 10.50.50.0" அடித்துப் பாருங்கள். ஒன்றில் 170 என்று இருக்கும். மற்றதில் ஓஎஸ்பிஎஃப் 110 என்று மாறியிருக்கும், அதன் நெக்ஸ்ட் ஹாப் (அடுத்து அனுப்பும் ரூட்டர்) ஆர்4! ஆர்2 முந்திக்கொண்டு அந்த ரூட்டை ஓஎஸ்பிஎஃப்புக்குள் விட்டது. ஆர்4 வழியாக அது ஆர்3-க்கு வந்தது. 110 என்பது 170-ஐ விடக் குறைவு என்பதால் ஆர்3 தன் பக்கத்திலேயே இருக்கும் ஆர்1-ஐ விட்டுவிட்டு ஊரைச் சுற்றிப் போகிறது. எந்த ரூட்டர் முந்துகிறதோ அதைப் பொறுத்து எது கெடும் என்பது மாறும். கரண்ட் போய் வந்த பிறகு ஒரு நெட்வொர்க் திடீரென வேறு மாதிரி நடந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆர்1-ன் சாதாரண இஐஜிஆர்பி நெட்வொர்க்குகளுக்கு இந்தச் சிக்கல் வராது. அவற்றின் டிஸ்டன்ஸ் 90, ஓஎஸ்பிஎஃப்பின் 110-ஐ விடக் குறைவு. "சில ரூட் சரி, சில ரூட் தப்பு" என்று கேள்வியில் வந்தால் உடனே இந்த 90-க்கும் 170-க்கும் உள்ள வித்தியாசத்தை நினையுங்கள்.

இன்னும் ஒரு படி. ஆர்3 இப்போது அந்த ரூட்டை ஓஎஸ்பிஎஃப் ரூட்டாக வைத்திருப்பதால், திரும்ப இஐஜிஆர்பிக்குள் தள்ளுகிறது. அதற்கு நீங்கள் கொடுத்த தொடக்க மெட்ரிக் (பாதையின் செலவு எண்), ஆர்1 கொடுத்ததை விட நன்றாக இருந்தால் ஆர்2 என்ன செய்யும்? ஆர்1-ஐ விட்டு ஆர்3-ஐப் பிடித்துக்கொள்ளும். ஆர்2 ஆர்3-க்கு அனுப்ப, ஆர்3 ஆர்4-க்கு அனுப்ப, ஆர்4 ஆர்2-க்கு அனுப்ப, பாக்கெட் வட்டம் போடும். இதை வரவழைக்க, ஆர்1-ல் மெட்ரிக்கை மோசமாகவும் ஆர்3-ல் நன்றாகவும் கொடுங்கள். ட்ரேஸ்ரூட் அடித்தால் அதே மூன்று முகவரிகள் திரும்பத் திரும்ப வரும். இந்தத் திரையை ஒருமுறை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டால் லூப் பற்றிய கேள்வி எதுவும் பிறகு உங்களை மிரட்டாது.

சரிசெய்வது எப்படி? எல்லாரும் சொல்லும் விடை டேக், அதாவது ரூட்டில் ஒட்டும் அடையாள எண். இஐஜிஆர்பியிலிருந்து ஓஎஸ்பிஎஃப்புக்குப் போகும்போது ரூட்-மேப்பில் (ரூட்டுகளை வடிகட்டும் விதிப் பட்டியல்) டேக் 170 போடுங்கள்; இது வெறும் அடையாளம், டிஸ்டன்ஸ் 170 வேறு. ஓஎஸ்பிஎஃப்பிலிருந்து இஐஜிஆர்பிக்கு வரும் ரூட்-மேப்பில் டேக் 170 உள்ளதை முதலில் மறுத்து, அடுத்த வரியில் மற்ற எல்லாவற்றையும் அனுமதியுங்கள். அனுமதிக்கும் அந்த வரியை மறந்தால் ரூட்-மேப்பின் இறுதியில் தானாக இருக்கும் மறுப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். எதிர்த் திசைக்கும் வேறொரு எண்ணில் இதையே செய்யுங்கள். இரண்டு ரூட்டரிலும் போட வேண்டும்.

போட்டாயிற்று, லூப் போய்விட்டது. இப்போது ஆர்3-ல் மறுபடி பாருங்கள். இன்னும் நெக்ஸ்ட் ஹாப் ஆர்4 என்றுதான் இருக்கும்! பலரும் இங்கேதான் தவறான விடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டேக் தடுத்தது ரீடிஸ்ட்ரிபியூஷனை மட்டும். ஆர்3-ன் ரூட்டிங் டேபிளுக்குள் ஓஎஸ்பிஎஃப் ரூட் நுழைவதை அது தடுக்கவில்லை. அதற்கு ஆர்3-ன் ஓஎஸ்பிஎஃப்பில் அதே டேக்கைப் பார்த்து மறுக்கும் ரூட்-மேப்பை "டிஸ்ட்ரிபியூட்-லிஸ்ட் இன்" ஆகப் போடலாம். இது டேபிளில் ஏறுவதை மட்டும் தடுக்கும், ஓஎஸ்பிஎஃப் சேர்த்துவைக்கும் எல்எஸ்ஏ டேட்டாபேஸில் அந்த ரூட் இருந்துகொண்டேதான் இருக்கும். இதன் விலை: ஆர்3-ன் இஐஜிஆர்பி இணைப்பு அறுந்தால் ஆர்4 வழி மாற்றுப்பாதையும் கிடையாது. அல்லது "டிஸ்டன்ஸ் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டர்னல் 180" என்று ஏற்றலாம். அப்போது மாற்றுப்பாதை இருக்கும். ஆனால் ஓஎஸ்பிஎஃப் பக்கத்திலேயே பிறந்த வெளி ரூட்டுகளும் 180 ஆகிவிடுவதால், அவை இஐஜிஆர்பியின் 170-இடம் தோற்று இதே சிக்கல் தலைகீழாக வரும். ஓஎஸ்பிஎஃப் பக்கம் அப்படி வெளி ரூட் எதுவும் இல்லையென்றால்தான் இது சுத்தமான தீர்வு. கேள்வியில் "மாற்றுப்பாதை இருக்க வேண்டும்" என்று ஒரு வார்த்தை இருந்தால் விடையே மாறிவிடும் என்பது இதனால்தான்.

இந்த ஒரு லேப்புக்கு ஒரு வாரம் கொடுங்கள். அதோடு ரீடிஸ்ட்ரிபியூஷனின் சில்லறைக் கோளாறுகளையும் ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பாருங்கள். ஓஎஸ்பிஎஃப்பை இஐஜிஆர்பிக்குள் விடும்போது மெட்ரிக் கொடுக்காவிட்டால் ரூட் போகவே போகாது, பிழைச் செய்தியும் வராது. ஓஎஸ்பிஎஃப்புக்குள் விடும்போது "சப்நெட்ஸ்" என்ற சொல் விடுபட்டால் பழைய ஐஓஎஸ்ஸில் (சிஸ்கோ ரூட்டரின் இயங்குதளம்) கிளாஸ்ஃபுல் (ஏ, பி, சி வகுப்பு அளவிலான) நெட்வொர்க்குகள் மட்டும் போகும். ஓஎஸ்பிஎஃப்பை பிஜிபிக்குள் (நிறுவனங்களின் நெட்வொர்க்குகளை இணைக்கும் நெறிமுறை) விட்டால் உள் ரூட்டுகள் மட்டும் போகும். வெளி ரூட்டுகளும் போக "மேட்ச்" என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஐபிஜிபியில் (ஒரே நிறுவனத்துக்குள் ஓடும் பிஜிபி) கற்ற ரூட்டுகள் இயல்பாக ஓஎஸ்பிஎஃப்புக்குப் போகாது.

ஓஎஸ்பிஎஃப் நெய்பர் கோளாறுகளில் எக்ஸ்-ஸ்டார்ட் நிலையில் சிக்கினால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பொருந்தவில்லை என்பதும், இனிட்டில் நின்றால் நம் ஹலோ அங்கே போய்ச் சேரவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் போகக்கூடியது, நெய்பர் "ஃபுல்" என்று காட்டியும் ரூட் வராத நிலை. ஒரு முனையில் நெட்வொர்க் டைப் பிராட்காஸ்ட், மறுமுனையில் பாயின்ட்-டு-பாயின்ட் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஹலோ 10, டெட் 40 விநாடிதான் என்பதால் நெய்பர் உறவு சிக்கலில்லாமல் அமைந்துவிடும். "ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்" அடித்தால் ஒரு ரூட்டரில் ஃபுல்லுக்குப் பக்கத்தில் டிஆர் அல்லது பிடிஆர் (தலைமை, துணைத் தலைமை ரூட்டர்) என்று இருக்கும். மறு ரூட்டரில் அதே இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருக்கும். அந்தக் கோடுதான் தடயம். இரண்டு ரூட்டரும் ஒரே இணைப்பை வெவ்வேறு விதமாக விவரிப்பதால் கணக்குப் பொருந்தாமல் போகிறது. ரூட் டேபிளில் ஏறுவதில்லை.

பிஜிபியில் ஐந்து கோளாறு பழகினால் பெரும்பகுதி முடிந்தது: லூப்பேக் வழி பேசும்போது அப்டேட்-சோர்ஸ் விடுபடுவது, ஈபிஜிபியில் (வெளி நிறுவனத்துடன் பேசும் பிஜிபி) டிடிஎல் (பாக்கெட்டின் ஆயுள் எண்) 1 என்பதால் மல்டிஹாப் தேவைப்படுவது, பிஜிபி பேசும் டிசிபி 179-ஐ ஏசிஎல் (பாக்கெட்டை அனுமதிக்கும், மறுக்கும் பட்டியல்) அடைப்பது, ஏஎஸ் எண் (நிறுவன நெட்வொர்க்கின் அடையாள எண்) தப்பாக இருப்பது, நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப் இல்லாததால் ஐபிஜிபி ரூட்டின் நெக்ஸ்ட் ஹாப்புக்குப் போக வழி தெரியாமல் போவது. கடைசியில் சொன்னதில் ரூட்டுக்கு முன் நட்சத்திரம் இருக்கும், பெஸ்ட் என்பதற்கான அம்புக்குறி இருக்காது. விஆர்எஃப்பில் ஒன்று மட்டும் சொல்கிறேன். இன்டர்ஃபேஸில் "விஆர்எஃப் ஃபார்வர்டிங்" போட்ட கணத்திலேயே அதிலிருந்த ஐபி முகவரி போய்விடும். லேப் கேள்வியில் அதைத் திரும்பப் போட மறந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பிங் போகாது.

செக்யூரிட்டியில் 40% வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஏசிஎல் பற்றிய ஒரே புரிதலை எல்லா இடத்திலும் பொருத்துவதாக இருக்கும். சிஓபிபியில் (ரூட்டருக்கே வரும் பாக்கெட்டுகளைக் கட்டுப்படுத்துவது) கிளாஸ்-மேப் (பாக்கெட்டுகளை வகுப்பாகப் பிரிப்பது) குறிப்பிடும் ஏசிஎல்லில் "டினை" என்று எழுதினால் பாக்கெட் விழாது. "இந்த வகுப்பில் இது சேராது" என்று மட்டுமே பொருள். பாக்கெட் அடுத்த வகுப்புக்குப் போகும். ஐபிவி6 ஏசிஎல்லில் இதைவிட நுணுக்கமான ஒன்று இருக்கிறது. அதன் இறுதியில் கண்ணுக்குத் தெரியாமல் மூன்று வரிகள் உண்டு: நெய்பர் டிஸ்கவரிக்கான இரண்டு அனுமதிகள், அதன் பிறகு முழு மறுப்பு. லாக் பார்ப்பதற்காக நீங்களே கடைசியில் "டினை ஐபிவி6 எனி எனி லாக்" எழுதினால், அது அந்த இரண்டு அனுமதிகளுக்கும் முன்னால் போய் உட்கார்ந்துவிடும். பக்கத்து ரூட்டரின் மேக் முகவரியைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் அந்த இணைப்பே செத்துவிடும். லேப்பில் இதைச் செய்துவிட்டு "ஷோ ஐபிவி6 நெய்பர்ஸ்" அடித்து, நிலை மாறுவதைப் பாருங்கள்.

போலி அனுப்புநர் முகவரியைத் தடுக்கும் யுஆர்பிஎஃப்பில் ஸ்ட்ரிக்ட் முறை, பாக்கெட் வந்த இன்டர்ஃபேஸ் வழியாகவே திரும்பும் பாதை இருக்கிறதா என்று பார்க்கும். போகும் வழியும் வரும் வழியும் வேறாக இருக்கும் நெட்வொர்க்கில் அது நல்ல பாக்கெட்டையும் தள்ளிவிடும். உள்ளே நுழைபவரைச் சரிபார்க்கும் ஏஏஏவில் "குரூப் டக்காக்ஸ் லோக்கல்" என்ற வரிசைக்கு, டக்காக்ஸ் சர்வர் பதிலே சொல்லாவிட்டால் மட்டும் லோக்கலுக்கு, அதாவது ரூட்டரிலேயே இருக்கும் யூசர் பட்டியலுக்குப் போ என்று பொருள். கடவுச்சொல் தப்பு என்று சர்வர் மறுத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது, லோக்கல் பார்க்கப்படாது. இந்த ஒரு வேறுபாட்டைப் பல வடிவங்களில் கேட்கலாம். "ஏஏஏ நியூ-மாடல்" அடித்த உடனே விடிஒய் லைன்கள் (தொலைவிலிருந்து ரூட்டருக்குள் நுழையும் வழி) லோக்கல் யூசர் கேட்க ஆரம்பித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். யூசர் உருவாக்காமல் இதை வேலை இடத்து ரூட்டரில் அடித்து வெளியேறினால் திரும்ப உள்ளே போக முடியாது.

விபிஎன்னில் 70% எடுத்திருக்கிறீர்கள், நன்று. டிஎம்விபிஎன்னில் மூன்றாம் கட்டத்துக்கு ஸ்போக்குகள் நேராகப் பேச ஹப்பில் "என்எச்ஆர்பி ரீடைரக்ட்", ஸ்போக்கில் "ஷார்ட்கட்" என்பதையும், ஹப்பில் இஐஜிஆர்பி ஸ்ப்ளிட் ஹொரைசனை (ரூட்டை அது வந்த இன்டர்ஃபேஸ் வழியே திரும்பச் சொல்லாத விதி) அணைக்காவிட்டால் ஒரு ஸ்போக்கின் ரூட் இன்னொரு ஸ்போக்குக்குப் போகாது என்பதையும் கையால் செய்து பாருங்கள். டன்னல் மேலே வந்து சில விநாடியில் கீழே விழுந்து, மறுபடி வந்து விழுந்துகொண்டிருந்தால் லாகில் "ரிகர்சிவ் ரூட்டிங்" என்று இருக்கிறதா பாருங்கள். டன்னலின் மறுமுனைக்கான வழியையே டன்னலுக்குள் கற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். வெளி முகவரி இருக்கும் நெட்வொர்க்கை டன்னலில் ஓடும் இஐஜிஆர்பிக்குள் சேர்த்திருப்பதுதான் வழக்கமான காரணம். பெரிய கோப்பு மட்டும் போகாமல் பிங் போனால் எம்டியு. டன்னலில் ஐபி எம்டியு 1400, டிசிபி எம்எஸ்எஸ் 1360 என்பது வழக்கமான இணை. சர்வீசஸில் ஐபி எஸ்எல்ஏவுக்கு (இணைப்பைத் தானாகச் சோதிக்கும் வசதி) ஷெட்யூல் போட மறப்பது, ஓடிக்கொண்டிருக்கும் எஸ்எல்ஏவைத் திருத்த முடியாமல் அழித்துத்தான் போட வேண்டும் என்பது, டிஎச்சிபி ஹெல்பர் முகவரியை (ஐபி கேட்கும் கோரிக்கையைச் சர்வருக்கு அனுப்புவது)க் கிளையன்ட் பக்க இன்டர்ஃபேஸில் போட வேண்டும் என்பது. இவற்றைத் தொட்டுவிட்டு நகருங்கள்.

ஆங்கிலமும் நேரமும் பற்றி. 90 நிமிடத் தேர்வு இது. ஒரு கேள்விக்கு விடை கொடுத்து நகர்ந்துவிட்டால் பின்னால் திரும்ப முடியாது. ஆகவே நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். லேப் கேள்வி ஒவ்வொன்றுக்கும் எட்டு நிமிடம் ஒதுக்கி, மிச்சத்தை மற்றக் கேள்விகளின் எண்ணிக்கையால் வகுங்கள். கேள்வியைப் படிக்கும்போது கடைசி வரியிலிருந்து ஆரம்பியுங்கள். என்ன கேட்கிறார்கள் என்று அங்கேதான் இருக்கும். அடுத்து "மஸ்ட்", "ஒன்லி", "நாட்" போன்ற சொற்களைத் தேடுங்கள். அவைதான் நாலில் இரண்டு விடைகளைத் தள்ள உதவும். அதன் பிறகு படத்துக்கும் கான்ஃபிக்குக்கும் போங்கள். நான்கு விடைகளையும் முழுக்கப் படிப்பதற்கு முன் ஒன்றுக்கொன்று எந்தச் சொல்லில் வேறுபடுகின்றன என்று பாருங்கள்; பல நேரம் ஒரு ரூட்டர் பெயரும் "இன்", "அவுட்" என்ற சொல்லும்தான் மாறியிருக்கும். இதற்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. தினமும் சிஸ்கோவின் ஆவணத்தில் ஒரு பக்கம், அகராதி இல்லாமல், கடிகாரம் வைத்துப் படித்தால் பத்து வாரத்தில் வேகம் வந்துவிடும். லேப் கேள்வியில் கான்ஃபிக்கைச் சேமிக்கச் சொல்லியிருந்தால் முடித்ததும் எல்லா ரூட்டரிலும் சேமியுங்கள்.

டம்ப்ஸ் வேண்டாம். அதைப் பயன்படுத்தியது தெரிந்தால் சிஸ்கோ மதிப்பெண்ணை ரத்து செய்யலாம், தேர்வெழுதத் தடை போடலாம், கையில் இருக்கும் சிசிஎன்ஏவையும் பறிக்கலாம். நீங்கள் உட்காரும்போது ஒப்புக்கொள்ளும் விதியிலேயே இது இருக்கிறது. பிடிபடாவிட்டாலும் நஷ்டம் உண்டு. அவற்றில் தப்பான விடைகள் ஏராளம், ஏன் தப்பு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. உங்களுக்கு வேண்டியது இரவு இரண்டு மணிக்கு ஒரு கிளை அலுவலகம் அறுந்தால் அதைத் தூக்கி நிறுத்தும் திறமை. கண்காணிப்பு மையத்திலிருந்து அடுத்த நிலைக்குப் போகும் நேர்காணலில் வெள்ளைப் பலகையில் இரண்டு ரூட்டர் வரைந்து இதைத்தான் கேட்பார்கள்.

காலக்கெடுவைப் பொறுத்தவரை பயம் வேண்டாம். என்கோர் தேர்ச்சி மூன்று வருஷம் செல்லும், அதற்குள் எனார்சி தேறினால் சிசிஎன்பி என்டர்பிரைஸ் கிடைத்துவிடும். அதே என்கோர் தேர்ச்சிதான் அதற்கும் மேல் நிலையான சிசிஐஇ என்டர்பிரைஸ் லேப் தேர்வுக்கும் தகுதி. எட்டு மணி நேரத் தேர்வு அது. எனார்சி லேப்களை இப்போது சேமித்து வைத்தால் அப்போதும் உதவும். புதிதாகப் படிக்கத் தொடங்கும் முன் சிஸ்கோ தளத்தில் பாடத்திட்டத்தின் பதிப்பு மாறியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு நாளை முன்பதிவு செய்யும்போது உங்கள் ஷிப்டு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டு முடிந்த காலையில் எழுதாதீர்கள். வார விடுமுறையின் இரண்டாம் நாள், முற்பகல் பத்து மணி வாக்கில் இடம் கிடைக்கிறதா பாருங்கள். முந்தின நாள் புதிதாக எதையும் திறக்க வேண்டாம். நோட்டின் மூன்று கட்டங்களில் முதல் கட்டத்தை மட்டும் திறந்து வைத்து, மற்ற இரண்டையும் கையால் மறைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.